ஐலண்ட் பீக்கிற்குப் பன்னிரண்டு நாள் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் வேலை பார்க்கிறேன். அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். நேபாளத்தில் ஐலண்ட் பீக் ஏற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரும் அக்டோபர் கடைசியில் கிளம்பும் இரண்டு குழுக்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று காட்மாண்டுவில் தொடங்கிக் காட்மாண்டுவில் முடிய 12 நாள், இன்னொன்று 20 நாள். இரண்டு பயணத் திட்டங்களையும் இணைத்திருக்கிறேன். என் லீவுக்கு 12 நாள்தான் தோதுப்படும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்கிறார்கள், சரியா? ஒன்றரை வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது. உடம்பை எப்படித் தயார் செய்வது? ஆக்சிமீட்டர் வாங்கட்டுமா? மனைவி பயப்படுகிறார், அவரிடம் என்ன சொல்வது?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். 12 நாள் குழுவோடு போகாதீர்கள். டயமாக்ஸ் போட்டுக்கொண்டும் போகாதீர்கள். 20 நாளுக்கு லீவு கிடைத்தால் தாராளமாகப் போகலாம். கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு வேறு மலையைப் பார்க்கலாம், அதையும் கீழே எழுதியிருக்கிறேன். மலையேறும் குழுக்களோடு போகிற மருத்துவர் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் பிரஷர் இல்லை, அந்தப் பன்னிரண்டுதான்.

நீங்கள் அனுப்பிய இரண்டு திட்டங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் எங்கே நடக்கிறோம், எத்தனை மணி நேரம் நடக்கிறோம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 12 நாள் திட்டத்தில் அது இப்படி வரும்: பாக்டிங் 2,610 மீட்டர், நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, சுக்குங் 4,730, ஐலண்ட் பீக்கின் பேஸ் கேம்ப் சுமார் 5,080. நடுவில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. பேஸ் கேம்ப் போய்ச் சேர்ந்த அன்று நள்ளிரவு தாண்டியதுமே 6,189 மீட்டர் உச்சியை நோக்கிக் கிளம்ப வேண்டும். அதாவது 4,000 மீட்டருக்கு மேல் மூன்றே ராத்திரி தூங்கிய உடம்போடு, ஒரே மூச்சில் இன்னும் 1,100 மீட்டர் ஏறச் சொல்கிறார்கள்.

20 நாள் திட்டத்தில் நாம்சேயில் இரண்டு ராத்திரி, டிங்போச்சேயில் இரண்டு ராத்திரி. அப்புறம் லோபுச்சே, கோரக் ஷெப் வரை போய், காலா பத்தர் மேட்டில் 5,500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு மறுபடி டிங்போச்சேக்கு இறங்கி வருகிறார்கள். பிறகுதான் சுக்குங். அங்கே ஒரு நாள் கயிற்றுப் பயிற்சி, அதன் பின் பேஸ் கேம்ப். உச்சிக்குக் கிளம்பும்போது 4,000 மீட்டருக்கு மேல் எட்டு ராத்திரி தூங்கியிருப்பீர்கள். அது போக, உச்சிக்குப் போகும் நாளில் வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு நாள் உபரியாகவும் வைத்திருக்கிறார்கள். பணத்தில் பெரிய வித்தியாசம் தெரிவது இதனால்தான். கூடுதலாகக் கொடுக்கும் ரூபாய் ஓட்டல் வசதிக்குப் போகவில்லை, அந்த ராத்திரிகளுக்குப் போகிறது.

மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். பாக்டிங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர் ஏற்றம். அங்கே எல்லோரும் இரண்டு ராத்திரி தங்குவது சந்தையில் சுற்றுவதற்காக இல்லை, அந்தக் கடனை அடைப்பதற்காக.

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் பாதியாகிவிடுகிறது. உடம்பு உடனே செய்யும் காரியம், வேகமாக மூச்சு வாங்குவது. அப்படி வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. மூளை அதைப் பார்த்து மூச்சை மட்டுப்படுத்தப் பார்க்கிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிக்கட்ட வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். இதில் உங்கள் கால் பலத்துக்கோ நுரையீரல் பயிற்சிக்கோ வேலையே இல்லை. சிறுநீரகத்தை ஜிம்முக்குக் கூட்டிப்போக முடியாது.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதில் இந்திய ராணுவ மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962 சீனப் போரை ஒட்டிய ஆண்டுகளில் சமவெளியிலிருந்து வீரர்களை விமானத்தில் ஏற்றி நேரே உயரமான எல்லைப் பகுதிகளில் இறக்கினார்கள். எல்லோரும் இளைஞர்கள், நல்ல உடற்கட்டு. ஆனாலும் ஆயிரக்கணக்கில் படுத்தார்கள். அவர்களில் 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1969இல் வெளியிட்ட கட்டுரையை இன்றும் இத்துறையில் படிக்கிறோம். பிறகு 1976இல், நீங்கள் போகப்போகும் அதே பள்ளத்தாக்கில், பெரிச்சே என்ற ஊரைக் கடந்த 278 மலை நடையாளர்களைப் பரிசோதித்த ஆய்வு வந்தது. 53 சதவீதம் பேருக்கு உயர நோய் இருந்தது. நடை தொடங்கும் ஊரான லுக்லா வரை விமானத்தில் வந்தவர்களுக்கும், வேகமாக ஏறியவர்களுக்கும், வழியில் குறைந்த ராத்திரிகள் தங்கியவர்களுக்கும் அது அதிகம். இளைஞர்களுக்கும் அதிகம். அரை மாரத்தான் ஓடியவர் என்பதால் இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். நல்ல ஓட்டக்காரரால் ஒரு நாளில் அதிக தூரம் ஏற முடியும், அதனால்தான் அவருக்கு ஆபத்து கூடுதல்.

சரி, டயமாக்ஸ். அசெட்டசோலமைடு என்ற இந்த மருந்து, சிறுநீரகத்தைப் பைகார்பனேட்டை வேகமாக வெளியேற்றச் செய்கிறது. அதாவது உடம்பு தானாகச் செய்யும் வேலையைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்கி வைக்கிறது. நோயை மறைக்கிறது என்று சிலர் சொல்வது தவறு. நல்ல மருந்துதான். ஆனால் அது நாட்களுக்குப் பதில் ஆகாது. தடுப்புக்காக என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. விரல் நுனியும் உதடும் மரத்தது போல் கூசும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதெல்லாம் மருந்தின் குணம், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டையையும் அவரிடம் காட்டுங்கள். நம் ஊரில் கிடைக்கும் பல பிரஷர் மாத்திரைகளில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் சேர்ந்தே இருக்கும். அதோடு டயமாக்ஸும் சேர்ந்தால் உடம்பு வறண்டு உப்புச் சத்துகள் குலையலாம். அவர் சரி என்றால் கோவையிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

பிரஷரைப் பொறுத்தவரை, மருந்தில் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் அது ஒன்றே தடை இல்லை. உயரத்தில் முதல் சில நாள் எண்கள் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்துப் பதறி மாத்திரையைக் கூட்டவோ, மலையில் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நிறுத்தவோ வேண்டாம். போவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது உயர நோய் வருமா வராதா என்று சொல்லாது. இதயத்தில் ஒளிந்திருக்கும் கோளாறு இருந்தால் காட்டிக்கொடுக்கலாம், அதற்காகத்தான்.

இனி, எதைப் பார்த்தால் நிற்க வேண்டும், எதைப் பார்த்தால் இறங்க வேண்டும் என்று சொல்கிறேன். இந்தப் பகுதியை உங்களோடு வரும் நண்பர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

தலைவலி, அதோடு குமட்டலோ, சோர்வோ, தலைச்சுற்றலோ இருந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும் வரை அது உயர நோய்தான். வெயில், சளி, நேற்றைய சாப்பாடு என்று சாக்குச் சொல்லக் கூடாது. அன்றைக்கு மேலே ஏறக் கூடாது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு நாள் ஓய்வில் சரியாகிவிடும். சரியானதும் ஏறலாம். மோசமானால் இறங்க வேண்டும்.

ஆளைக் கொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் திகைப்பார். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மற்றதன் பெருவிரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்த நிமிடமே இறக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இன்னொன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் வரும், நேற்று வரை முன்னால் நடந்தவர் இன்று எல்லோருக்கும் பின்னால் வருவார். புதிய உயரத்துக்குப் போன இரண்டாவது ராத்திரியிலிருந்து நான்காவது ராத்திரிக்குள் இது அதிகம் வரும். இரண்டுக்குமே முதல் வைத்தியம் கீழே இறங்குவது. ஆக்சிஜன் சிலிண்டரும், டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும் இறங்கும் வரை உயிரைப் பிடித்து வைக்கத்தான். விடியட்டும் என்று காத்திருந்து இழந்த உயிர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. பெரிச்சேயில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை 1973 முதல் இருக்கிறது. சீசனில் அங்கே மருத்துவர்கள் இருப்பார்கள், உயர நோயைப் பற்றி மதியத்தில் வகுப்பும் எடுப்பார்கள். டிங்போச்சேயில் ஓய்வு நாள் இருக்கும்போது போய்க் கேளுங்கள்.

ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மட்டும் வேறு விஷயம். சில நொடி நின்று, பிறகு நாலைந்து பெருமூச்சு வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துவிடுவார். அந்த உயரத்தில் அது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். அதற்காகத் தூக்க மாத்திரை போடக் கூடாது, மதுவும் கூடாது. இரண்டுமே மூச்சை அமுக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் ஆட்கள் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்? தலைவலியைக் கைடிடம் சொல்லாமல் மறைப்பதால். இதை நான் மலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லட்சக்கணக்கில் செலவு செய்தாயிற்று, ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று, நம்மால் குழு தாமதமாகக் கூடாது என்ற எண்ணம். 12 நாள் திட்டத்தில் இந்த மறைப்பு இன்னும் கூடும். ஏனென்றால் ஒரு நாள் தங்கினால் உச்சியே போய்விடும் என்பது நோயாளிக்கும் தெரியும், கைடுக்கும் தெரியும். உபரி நாள் இருக்கும் குழுவில்தான் மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். காட்மாண்டுவில் முதல் நாள் கைடைச் சந்திக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "தாய், எனக்குத் தலைவலி வந்தால் மறைக்க மாட்டேன். நீங்கள் திரும்பு என்றால் திரும்புவேன்." அங்கே நேபாளி மொழியில் அண்ணனைத் தாய் (dai) என்றுதான் அழைப்பார்கள். ஷெர்பா கைடுகள் பலர் வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்று தயங்குவார்கள். நீங்கள் முதலிலேயே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலை எளிது.

ஆக்சிமீட்டர் வாங்கலாம், ஆனால் அதற்கு அடிமையாகாதீர்கள். குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். ஒருவருக்கு 80 காட்டினாலும் நன்றாக இருப்பார், 88 காட்டும் இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார். சாப்பாட்டு அறையில் எல்லோரும் விரலை நீட்டிப் போட்டி போடுவதைப் பார்ப்பீர்கள், அதில் சேராதீர்கள். எண்ணை விட ஆளைப் பாருங்கள்.

உடற்பயிற்சிக்கு உங்களிடம் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, தாராளம். ஓட்டத்தை விட வேண்டாம், வாரம் மூன்று நாள் மெதுவாக, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். அதோடு முதுகில் பையைப் போட்டுக்கொண்டு படி ஏறுவதைச் சேருங்கள். 5 கிலோவில் தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் 10, 12 கிலோ வரை. மருதமலைப் படிகள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வெள்ளியங்கிரி பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும் காலத்தில் ஏறி இறங்குங்கள். ஏறுவதை விட இறங்குவதைக் கவனியுங்கள். உச்சி நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை இருக்கும், அதில் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஊட்டியில் நான்கு நாள் தங்கினால் உயரத்துக்குப் பழகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடைப் பயிற்சிக்கு நல்ல இடம், 6,000 மீட்டருக்கு உடம்பைப் பழக்க உதவாது.

அடுத்து கயிறு. ஐலண்ட் பீக்கை "டிரெக்கிங் பீக்" என்று விற்கிறார்கள், அந்தப் பெயரை நம்ப வேண்டாம். 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர் சிலர், டென்சிங் நோர்கே உட்பட, அதற்குத் தயாராகும்போது இந்த மலையில் ஏறிப் பார்த்தார்கள். கடைசிப் பகுதி செங்குத்தான பனிச்சுவர். கட்டியிருக்கும் கயிற்றில் ஜுமாரை, அதாவது மேல்நோக்கி மட்டும் நகரும் பிடிகருவியை, மாட்டி ஏற வேண்டும். வழியில் பனிப்பிளவுகள் இருக்கும், சில ஆண்டுகளில் அலுமினிய ஏணி மேல் கிராம்பானோடு, அதாவது ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களோடு, நடக்க வேண்டி வரும். கயிறு ஒரு முளையில் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், பாதுகாப்புக் கொக்கியை முதலில் அடுத்த கயிற்றில் மாட்டிவிட்டுத்தான் ஜுமாரைக் கழற்ற வேண்டும். தடித்த கையுறையோடு, இருட்டில், களைத்த மூளையோடு இதைச் செய்ய வேண்டும். அதனால் ஜுமார், இடுப்பில் கட்டும் ஹார்னஸ், இறங்கும் கருவி மூன்றையும் வீட்டிலேயே மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டிக் கையுறை போட்டுக்கொண்டு பழகுங்கள். கை தானாகச் செய்யும் வரை பழகுங்கள்.

லீவு உண்மையிலேயே 12 நாள்தான் என்றால், மணாலிக்குப் பக்கத்தில் 5,289 மீட்டர் ஃப்ரெண்ட்ஷிப் பீக் இருக்கிறது. பனியில் நடப்பதையும் கிராம்பானையும் அங்கே கற்றுக்கொள்ளலாம், உங்கள் லீவுக்குள்ளும் அடங்கும். நான்கு வாரம் கிடைத்தால் அதைவிட நல்லது டார்ஜிலிங்கில் 1954 முதல் இயங்கும் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையத்திலோ, உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்திலோ அடிப்படைப் பயிற்சி எடுப்பது. ஆனால் வயது வரம்பு உண்டு. 38 ஆகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

குழுவை உறுதி செய்வதற்கு முன் இவற்றை எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். உச்சி நாளில் எத்தனை பேருக்கு ஒரு கைடு? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை யார் கீழே கூட்டிப்போவார், அப்போது மீதிப் பேர் கதி என்ன? பேஸ் கேம்பில் ஆக்சிஜன் இருக்குமா? திரும்பும் நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களா? போர்ட்டர்களுக்குக் காப்பீடும், குளிருக்கேற்ற உடையும் கொடுக்கிறார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். போர்ட்டர்களில் பலர் கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து வருகிறவர்கள், அவர்களுக்கும் உயர நோய் வரும். உடம்பு முடியாத போர்ட்டரைக் கூலி கொடுத்துத் தனியாகக் கீழே அனுப்புவது கொடுமை. உங்கள் குழுவில் அப்படி நடந்தால், துணைக்கு ஆள் அனுப்பும் வரை நகர மாட்டோம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள், வழி முழுக்க பருப்புச் சோறு கிடைக்கும். நாம்சேக்கு மேல் அசைவம் வேண்டாம். அங்கே இறைச்சி கீழேயிருந்து நாள் கணக்கில் முதுகில் சுமந்து வருவது. 4,500 மீட்டருக்கு மேல் பசியே எடுக்காது. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோங்கள், நாலு வாய் கூடுதலாக இறங்கும். பூண்டு சூப் உயர நோயைத் தடுக்கும் என்பார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம், சூட்டுக்காகக் குடிக்கலாம்.

மனைவியிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 20 நாள் திட்டத்தை, தூங்கும் உயரங்கள் எழுதிய அந்தத் தாளோடு அவரிடம் கொடுத்து உட்கார்ந்து விளக்குங்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்புவீர்கள் என்பதையும் அவரிடமே சொல்லி வையுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் நகலும் அவரிடம் இருக்கட்டும். சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் பல, மலையேற்றத்தையே விலக்கிவிடும் அல்லது ஓர் உயரத்தோடு நின்றுவிடும். கயிறும் கிராம்பானும் கொண்டு 6,200 மீட்டர் வரை ஏறுவதையும், ஹெலிகாப்டர் மீட்பையும் அது ஏற்கிறதா என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. லுக்லா விமானங்கள் மேகம் வந்தால் நின்றுவிடும், சில சமயம் இரண்டு மூன்று நாள். சீசனில் பல விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாமல், நாலைந்து மணி நேர சாலைப் பயணத்தில் இருக்கும் ராமேச்சாப்பிலிருந்துதான் கிளம்பும். அதனால் 20 நாள் முடிந்த மறுநாளே கோவைக்கு டிக்கெட் போடாதீர்கள், மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். ஆபீஸில் லீவு கேட்கும்போது இந்த மூன்று நாளையும் போக வர ஆகும் நாட்களையும் சேர்த்தே கேளுங்கள்.